புறாக் கூண்டைப் பிரித்த வாரம்

டெப்போவில் அவளை நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறாள். அவசரக்காரர்கள் அவள் வண்டியைப் பார்த்தால் அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நின்றுவிடுவதும் உண்டு. அது அவளுக்குத் தெரியும். வருத்தமெல்லாம் இல்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வயது ஐம்பத்திரண்டு. நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை என்பதால் முதுகுவலியை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மாதம் தைலம் தடவிக்கொண்டார். ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்துப் பார்த்தபோது முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய்.

நாலு மாத மருந்தில் நோய் அடங்கியது. ஆனால் அதோடு விட்டால் சீக்கிரம் திரும்பிவிடும் என்றார் டாக்டர். அவருடைய ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து உறையவைப்பார்கள். பிறகு பலமான மருந்தைக் கொடுத்து மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, எடுத்துவைத்த செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். புதுச் செல்கள் வேலையைத் தொடங்கும் வரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது.

அதற்கான ஏற்பாடுகளைச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். ஜன்னல் இல்லாத சின்ன அறை, மூன்று நாற்காலி. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட வேண்டும், பூந்தொட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும், சுவரில் ஈரம் கசியக் கூடாது. நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள்.

"வீட்டுல வளர்ப்புப் பிராணி ஏதாவது?"

கணவர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்.

"புறா இருக்கு" என்றாள் அவள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார். புறா எச்சம் காய்ந்து தூசியாகும்போது அதிலிருக்கும் பூஞ்சை மூச்சு வழியே நுரையீரலுக்குப் போகும். நல்ல உடம்பு தாங்கும், இவர் உடம்பு தாங்காது என்று விளக்கினார். "அட்மிட் பண்ண இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள புறா, கூண்டு, எச்சம் எதுவுமே இருக்கக் கூடாதும்மா. சுத்தம் பண்றப்போ இவர் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

அத்தனையும் பந்தயப் புறாக்கள். இருபது வருஷமாக மொட்டைமாடியில் கணவரே அடித்த கூண்டில் வளர்ந்தவை.

மறுநாள் அவள் சோடாபுட்டிக்குப் போன் செய்தாள். அவர் கணவரின் புறா சிநேகிதர். அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அந்தப் பட்டப்பெயருக்குக் காரணமான கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்ததே கணவர்தான். சொன்ன தேதியில் சோடாபுட்டி வேனில் கூடைகளோடு வந்து முப்பத்தொன்றையும் ஏற்றிக்கொண்டு போனார். கணவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். அந்த வாரமே ஆள் வைத்துக் கூண்டைப் பிரித்தாள். பலகைகள் போய்விட்டன. தரையில் படிந்த எச்சத்தைச் சுரண்டுவது மட்டும் மீதி.

புறாக்கள் போன எட்டாம் நாள், முதல் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கணவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு களை.

"வந்துட்டாங்க" என்றார்.

"யாரு?"

"நம்ம ஆளுங்க."

மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் வரிசையாக இருபத்தேழு புறாக்கள். சில இறங்கி, கூண்டு இருந்த இடத்தில் இங்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தன. அங்கிருந்தே சோடாபுட்டியைக் கூப்பிட்டாள்.

"ஏண்ணே, திறந்து விட்டுட்டீங்களா?"

"என்ன தங்கச்சி, மாப்ள உங்கிட்ட சொல்லலையா? ஒரு வாரம் கழிச்சுத் திறந்து விடச் சொன்னதே அவன்தானே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்னான். இதுங்களுக்கு அறுபது கிலோமீட்டர்னா கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரி. இங்கயே நிக்கணும்னா ஆயுசுக்கும் அடைச்சுத்தான் வைக்கணும். இங்க பொரிக்கிற குஞ்சுங்களைத்தான் இனிமே பறக்க விட முடியும்."

அவள் கீழே வந்து கை கழுவினாள். நர்ஸ் சொன்னபடி விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினாள். பிறகு கணவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் சொன்னீங்களாமே."

"ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்னு..."

"வந்துட்டுப் போறதுக்கு அதுங்க என்ன விருந்தாளியா? வீட்டுக்கு வந்திருக்குங்க."

"நான் திரும்பி வரலேன்னா?" என்றார் அவர். நாலைந்து மாதத்தில் அவர் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"முகக்கவசத்தைப் போடுங்க" என்றாள். அவரை எதிர்ச்சாரி டீக்கடைப் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். மாடி அங்கிருந்து நன்றாகத் தெரியும். கையுறை மாட்டி, முகத்தை மூடிக்கொண்டு, கூடைகளோடு மேலே ஏறினாள். இருவரும் போனில் பேசிக்கொண்டே புறா பிடித்தார்கள்.

"தானியத்தை வெளிய போடாத. கூடைக்குள்ள போடு. அந்தக் கறுப்புவால் பசி தாங்காது, அது முதல்ல போகும். அது போனா மத்ததும் போகும்."

"எல்லாமே கறுப்புவாலாத்தான் தெரியுது."

"இடது கோடியில, கழுத்தைச் சொறியுது பாரு, அது."

"சொறிஞ்சு முடிக்கட்டுமா, இப்பவே கூப்பிடட்டுமா?"

டீக்கடைக்காரர் சொன்னார், கணவர் அன்றைக்குச் சிரித்த சத்தம் உள்ளே அடுப்படி வரைக்கும் கேட்டதாம்.

நாலு மணி நேரம் ஆயிற்று. இருபத்தாறு அகப்பட்டன. ஒன்று மட்டும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு எங்கோ போய்விட்டது. வழியிலேயே தங்கிவிட்ட நான்கைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சோடாபுட்டி மறுபடி வந்து கூடைகளை ஏற்றினார். இந்தத் தடவை கணவரே போனில் சொன்னார்: "அடைச்சே வை, மாப்ள."

தூசி பறக்காமல் இருக்க, மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, இரண்டு நாள் மாடியைச் சுரண்டினாள் அவள்.

அடுத்தது நாத்தனார். தம்பியைப் பார்க்க மூன்று பஸ் மாறி வந்தவள், வாசலிலேயே இரண்டு தடவை தும்மினாள். உள்ளே நின்றவள் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"அண்ணி, ஜன்னல் பக்கமா வாங்க. அங்க நின்னு பேசுங்க."

"என் தம்பியப் பாக்க நான் ஜன்னலுக்குப் போகணுமா?"

"ஆமா அண்ணி."

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு ஒரு மணி நேரம் பேசினாள். பாதி, தம்பி பெண்டாட்டியைப் பற்றி. எல்லாம் உள்ளே கேட்டது. போன பிறகு அவள் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள்.

செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கத் தினம் ஒரு ஊசி, வயிற்றுத் தோலில். அதைப் போட நர்ஸ் அவளுக்குப் பஞ்சுத் துண்டில் பழக்கிக் கொடுத்திருந்தார். முதல் நாள் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் எலும்பெல்லாம் உள்ளிருந்து இடித்தது. "இடிச்சா நல்லதுன்னு சொன்னாங்க" என்றாள். "அப்ப ரொம்ப நல்லாயிருக்கு" என்றார் அவர்.

ஐந்தாம் நாள் செல்களைப் பிரிக்கும் இயந்திரத்தோடு அவரைப் பொருத்தி நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டார்கள். பாதிச் செல்கள்தான் கிடைத்தன. மறுநாளும் உட்கார வேண்டியதாயிற்று. மாலையில் எண்ணிக்கை வந்தது: போதும். நர்ஸ் பையைக் காட்டினார். நீர்த்த தக்காளிச் சாறு மாதிரி, ஒரு டம்ளர் அளவு.

"இவ்வளவுதானா?" என்றார் கணவர்.

"இவ்வளவு போதும்" என்றார் நர்ஸ்.

இரண்டு வாரம் கழித்து அட்மிட் ஆனார். பலமான மருந்து ஏறும்போது வாய் புண்ணாகாதபடி இடைவிடாமல் ஐஸ் மென்றார். மறுநாள் செல்கள் திரும்ப ஏறின. எட்டாம் நாளிலிருந்து ஜுரம், தண்ணீர்கூட இறங்கவில்லை. பதிமூன்றாம் நாள் வெள்ளையணுக்கள் தலைகாட்டின. இருபத்தோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவருக்குச் சமைத்தது, மருந்து கொடுத்தது, ஜுரம் பார்த்து எழுதிவைத்தது எல்லாம் அவள்தான். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பாள்.

செல்களை ஏற்றி நூறாம் நாள் பரிசோதனை. டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "இப்போதைக்கு நோய் தெரியல" என்றார். 'இப்போதைக்கு' என்பது இருவர் காதிலும் விழுந்தது.

"வெளிய சாப்பிடலாமா டாக்டர்?" என்று மட்டும் கணவர் கேட்டார்.

"சூடா இருந்தா சாப்பிடலாம்."

ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட்டமில்லாத மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர் இரண்டு தடவை இட்லி வாங்கிச் சாப்பிட்டார். அவள் டீயை ஆற்றிக் குடித்தபடி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.