சித்தப்பாவின் முதல் சவரக்கத்தி

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்குப் புதிதாக ஓர் ஆசை பிடித்திருக்கிறது. சவரக்கத்தியால் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள வேண்டுமாம். பாதி பிளேடை உடைத்துச் செருகுகிற சலூன் கத்தி அவருக்கு வேண்டாம். பிளேடே போடாத, மடக்கி விரிக்கிற முழுக்கத்தி வேண்டும். முதல் கத்தியை எங்கே வாங்குவது என்று கேளம்பாக்கம் டீக்கடையில் கூட வந்த ஆண்கள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தார். என்னை மட்டும் கேட்கவில்லை. நானே வாயைத் திறந்தேன். "ஆன்லைன்ல வாங்காதீங்க. மாமல்லபுரம் பக்கம் போகவே போகாதீங்க. செங்கல்பட்டுல சலூன் சாமான் விக்கிற கடை இருக்கும், அங்க தீட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்குங்க" என்றேன். அவர் டீயைக் குடிக்க மறந்து என்னைப் பார்த்தார். எனக்கு இந்த ஞானம் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே வந்துவிட்டது. எல்லாம் என் சித்தப்பா தயவு.

அப்போது நாங்கள் திருக்கழுக்குன்றத்தில் இருந்தோம். கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினால், திரும்ப ஏற்றும்வரை வேனிலேயே கிடக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் செல்போனில் வீடியோதான். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் முகம் நிறைய நுரையைப் பூசிக்கொண்டு, ஒரே இழுப்பில் கன்னத்தை வழித்ததைப் பார்த்த நாளிலிருந்து சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சலூன்ல போயி குந்தினா அவனே வழிச்சி உட்றான். உனுக்கு இன்னாத்துக்குடா இந்த பேஜாரு?" என்றார் அப்பா.

"அதுல ஒரு கெத்து கீதுண்ணா. உனுக்குப் புரியாது."

கத்தி கூரியரில் வந்தது. பிடியில் சிங்கம், அலகில் அலை அலையாக வேலைப்பாடு, உள்ளே வெல்வெட் வைத்த பெட்டி. அம்மா அதை வாங்கி ஒரு கத்திரிக்காய்மேல் வைத்து அழுத்தினாள். கத்திரிக்காய் நசுங்கியது. "இத்த வெச்சி மூஞ்ச நசுக்கிக்கலாம், வழிக்கலாம் முடியாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வேறு ஊர்க்காரராக இருந்தால் கம்பெனிக்கே திருப்பி அனுப்பியிருப்பார். எங்கள் பக்கத்தில் எந்த இரும்பு வெட்டாவிட்டாலும் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். கருங்கல்லைச் செதுக்குகிற உளியையே தீட்டுகிறார்கள், அரிவாள்மனையும் கோடாலியும் அவர்களுக்கு எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பைக்கில் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். பாதி செதுக்கிய பிள்ளையார்களுக்கு நடுவே, முடியெல்லாம் கல்தூசி படிந்த ஒருவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா உளி அண்ணாத்த இது?"

"ஷேவ் பண்றதுபா."

"கல்லுக்கா?"

இருந்தாலும் இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மெஷினைப் போட்டு, சக்கரத்தில் அலகை வைத்தார். தீப்பொறி பறந்தது. நான் கை தட்டினேன். சிங்கக் கத்தி நிஜமாகவே கூராகிவிட்டது. வளைந்து நெளிந்து கூராகியிருந்தது என்பதுதான் சங்கடம்.

மறுநாள் காலை சித்தப்பா குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது தாடையெல்லாம் செய்தித்தாள் துண்டுகள் ஒட்டியிருந்தன. அன்றைக்கென்று மதுராந்தகத்தில் சித்தியின் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். பிளாஸ்திரி ஒட்டிய முகத்தோடு போனார். கேட்டவர்களுக்கெல்லாம் பூனை பிராண்டிவிட்டது என்று சொன்னாள் சித்தி. உறவுக்காரப் பெண்கள் சித்தியையும் சித்தப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்று நான் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

செங்கல்பட்டுக்குப் போகச் சொன்னவள் சித்திதான். "சலூன்காரங்க சாமான் வாங்குற கடையில போயி கேளுங்க. ரோட்டுல போறவங்கள எல்லாம் கேட்டுகினு..." என்றாள். ஸ்டேஷன் பக்கத்தில் அந்தக் கடை இருந்தது. சுழல் நாற்காலியும் கத்தரிக்கோலும் பவுடர் டப்பாவும் விற்றார்கள். கல்லாவில் இருந்த அக்கா வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சித்தப்பாவின் கதையைக் கேட்டார்.

"கத்தி எங்க வேணா கெடைக்கும்ணா. மொனை போனா தீட்ட எங்க போவ?"

சித்தப்பா சிங்கக் கத்தியை எடுத்து வைத்தார். அக்கா அதை உள்ளே கொண்டுபோய்த் தன் கணவரிடம் காட்டினார். உள்ளேயிருந்து வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்த அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிங்கமும் இல்லாத, அலையும் இல்லாத, மரப்பிடி போட்ட ஒரு கத்தியை எடுத்துத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டினார். தன் முன்கை முடியை வழித்துக் காட்டினார். மொனை மழுங்கினால் எடுத்துக்கொண்டு வா, நானே தீட்டித் தருகிறேன் என்றார். சித்தப்பா அன்றைக்கு ஹெல்மெட்டைக்கூடக் கடையிலேயே மறந்துவிட்டார்.

நாங்கள் வீடு திரும்பியபோது அம்மாவும் சித்தியும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சித்தி முழுகாமல் இருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. சித்தப்பா கத்திப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா அதைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்தாள்.

"பொண்டாட்டி முழுகாம கீறப்ப புருஷன் மூஞ்சில கத்தி படக்கூடாது. புள்ள பொறக்கட்டும், அப்பால இன்னா வேணா வழிச்சிக்க."

ஊர் ஊராகத் தேடி ஒரு நல்ல கத்தி கிடைத்த அன்றைக்கே அதைத் தொடக்கூடாது என்றால் நானாக இருந்தால் தரையில் புரண்டிருப்பேன். சித்தப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் அம்மா சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: பாப்பா வருகிற அன்றைக்குத்தான் சித்தப்பா ஷேவ் பண்ணுவார். தாடி வளர்ந்தது. வேன் ஓட்டுகிறவர்கள் முகம் மழித்துத்தான் வர வேண்டும் என்று கம்பெனியில் மேற்பார்வையாளர் சத்தம் போட்டாராம். "சம்சாரம் முழுகாம கீறா சார்" என்று சித்தப்பா சொன்னதும் அவரே வெட்கப்பட்டுக் கை குலுக்கினாராம். இதைச் சித்தப்பா வாரத்துக்கு ஒருமுறை சொல்வார்.

ஆனால் பலூனுக்கு விதிவிலக்கு உண்டு என்று அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். பலூனில் நுரை தடவி, உடையாமல் நுரையை மட்டும் வழித்தால் கை பழகிவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பலூன் ஊதுவது, அதில் கண்ணும் மூக்கும் வரைவது, முடிச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வது எல்லாம் என் வேலை. முதலில் தொட்டதும் வெடித்தது. சித்தி பயந்துவிடுவாள் என்று அம்மா எங்களை மொட்டைமாடிக்குத் துரத்தினாள். சித்தியோ மூச்சு வாங்க அங்கேயும் ஏறி வந்து, நாற்காலியில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "ஐயோ, மாமனாரு மூஞ்சி மாதிரியே கீது, பாத்து வழிங்க" என்பாள். ஒருநாள் பலூன் வெடிக்கவே இல்லை. நுரை முழுக்க வழிந்து மினுமினுவென்று வந்தது. மூவரும் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு மேலே ஓடி வந்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எனக்குப் பச்சைப் பாவாடை தைத்தாகிவிட்டது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். அங்கேயே சாப்பிட்டேன், அங்கேயே தூங்கினேன். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, பின்பக்கக் குழாயடியில் சித்தப்பா ஈரத்தலையோடு நின்றார். தாடி இல்லை. முகம் முழுக்க வழித்திருந்தது. நான் கிட்டப் போய் அண்ணாந்து தேடிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நொடி எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாப்பா வந்தாயிற்று! மாடிக்கு ஓடினேன்.

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தேன். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். "பாப்பா எங்க சித்தி?" என்றேன். சித்தி திரும்பி என்னை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் ஜாக்கெட் நனைந்திருந்தது. குளித்துவிட்டுத் துவட்டாமலே படுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"பாப்பா இன்னும் வரலம்மா" என்றார் பின்னாலேயே ஏறி வந்த சித்தப்பா.

"அப்ப நீ ஏன் ஷேவ் பண்ணிகின?"

அவர் நான் தூக்கிப் போட்ட போர்வையை இழுத்துச் சித்தியின் காலை மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், பாப்பா வருவதற்கு முன்பே சித்தப்பா ஷேவ் பண்ணிவிட்டார், வந்து என்னவென்று கேள் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா என்னை உட்காரவைத்து, ஏற்கனவே பின்னியிருந்த சடையை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். தப்பு செய்தவரை அம்மா ஒன்றுமே சொல்லாமல் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் பென்சிலைத் தொலைத்தாலே அடிக்கிறவள், சித்தப்பாவை மட்டும் எப்படிச் சும்மா விடலாம் என்று, பின்னி முடிக்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.