அத்தானின் சைக்கிள் பை

மாலை நாலு பத்துக்கு அக்கா போன் செய்தாள். அத்தான் அலுவலக நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் சுகாதார ஆய்வாளர். வாரமெல்லாம் சாக்கடையும் ஓட்டல் சமையலறையும்தான். விடுமுறை வந்தால் அக்காவும் அவரும் ஆளுக்கொரு சைக்கிளில் ஊரைத் தாண்டிப் போய்க் கூடாரம் அடிப்பார்கள். எந்த ஆற்றங்கரையானாலும், முன்னால் வந்தவர்கள் உடைந்த பாட்டிலையும் எச்சில் தட்டையும் அழுக்கு டயப்பரையும் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அத்தான் முகம் சுளித்துக்கொண்டே அவற்றைப் பொறுக்கித் தன் சைக்கிள் பையில் திணிப்பார்.

"லீவுலயும் டியூட்டியா? இந்த நாத்தத்தோட என்னால வர முடியாது" என்பாள் அக்கா.

"அப்ப நீ முன்னால ஓட்டு. நான்தானே மோந்துக்கிட்டு வரப்போறேன்."

கடைசிப் பயணத்திலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்கள். வேலை முடிந்து வந்து குப்பையைப் பிரித்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பை மாட்டியபடியே அவருடைய சைக்கிள் வாசலருகே நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று டீ குடித்தார்கள். "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு? அதான் நெஞ்சு தாங்கல" என்றார் சித்தப்பா. சொல்லிக்கொண்டே காகிதக் கோப்பையில் துப்பி, அதை அந்தப் பைக்குள் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

அக்கா எழுந்து வந்தாள்.

"அதுல போடாதீங்க சித்தப்பா."

"உள்ள குப்பைதானேம்மா இருக்கு?"

"அது அவர் பொறுக்கினது. இது நீங்க போட்டது."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கோப்பைகளை நான்தான் எடுத்தேன். அடியில் கிடக்கும் ஆற்றங்கரைக் குப்பை இன்னும் பிரிக்கப்படவில்லை.