அடையாள அணிவகுப்பில் என் தலைமுடி

எழுபதுகளில் கிள்ளானில் என்னைவிட என் தலைமுடி பிரபலம். காதை மூடி, கழுத்தை மூடி, சட்டைக் காலரையும் தாண்டிய காடு. கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து ஜோக்கடிப்பேன். ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் தலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த முடி ஒரு மனிதரைத் தூக்குக்கயிறு வரை கொண்டுபோகும் என்று யார் கண்டார்கள்?

தைப்பூசம் முடிந்த வாரம். போலீஸ் நிலையத்துக்கு எதிரே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் சார்ஜன் ஒருவர் வந்தார், நம்ம ஆள்தான். கொலை வழக்கில் பிடிபட்ட ஒருவரை சாட்சி அடையாளம் காட்ட வேண்டும், அவரோடு வரிசையில் நிற்க இந்திய ஆண்கள் தேவை என்றார். என்னையும் இன்னும் சிலரையும் பொறுக்கினார். எல்லாருக்கும் தலை நிறைய முடி. பக்கத்து மேசையில், பத்துமலைக் கோயிலில் முடியிறக்கி வந்த மூன்று பேர் சந்தனத் தலையோடு இருந்தார்கள். அவர்களைத் தொடவில்லை.

"அவங்கள ஏண்ணே விட்டுட்டீங்க?"

"விரதம் இருந்து சாமிக்கு முடி குடுத்தவங்கடா. அவங்கள கொண்டுபோய் கொலைகாரன் பக்கத்துல நிக்க வைக்கிறதா? பாவம்லா."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

உள்ளே போனால், பிடிபட்டவரும் மொட்டை. பக்கத்து ஊரான காப்பாரில் லோரி ஓட்டுபவர். மகளுக்கு நோய் தீர்ந்ததற்காக முடி கொடுத்திருந்தார். வரிசையில் அவர் ஒருவர்தான் அப்படி. செத்துப்போனவர் ஒரு கடைக்காரர். அவர் கடையின் பின்சந்தில் மொட்டைத்தலை ஆள் ஒருவன் ஓடியதைப் பார்த்த சீனப் பாட்டிதான் சாட்சி. எங்கள் முகங்களை அவர் பார்க்கவே இல்லை. குடைகளுக்கு நடுவில் தன் குடையை எடுப்பவர்போல நேரே போய் லோரிக்காரர் தோளைத் தொட்டார்.

நானும் மொட்டை போட்டிருந்தால் பாட்டி குழம்பிப்போயிருப்பார் என்று பக்கத்தில் நின்றவனிடம் முணுமுணுத்தேன். அவன் சிரித்தான். லோரிக்காரர் சிரிக்கவில்லை.

தூக்கு என்று தீர்ப்பானது. கொலை நடந்த இரவு அவர் வீட்டில் தூங்கினார் என்று மனைவி சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்பீலும் போனது. கடைசியில் கருணை மனுவில் தூக்கு ஆயுள் தண்டனையானது. மற்றவர்களாக இருந்தால் அதோடு கும்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் விடவில்லை. "நான் செய்யல" என்பதை கோர்ட்டு தன் வாயால் சொல்ல வேண்டும் என்று சிறையிலிருந்து மனுமேல் மனு போட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒரே இனம், ஒரே உயரம் என்றுதான் வழக்கில் பதிவாகியிருந்தது. தலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

எண்பதுகளில் ஒருநாள், பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றின் பின்வாசலில் அவர் மனைவி எனக்காகக் காத்திருந்தார். வரிசையில் நின்றவர்களைத் தேடியபோது என் பெயர் யாருக்கும் நினைவில்லையாம், முடி மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்ததாம். என் புகழ் அவ்வளவுதான்.

வரிசையில் அவர் ஒருவர்தான் மொட்டை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். காடு தெரியும் பழைய போட்டோவையும் சேர்த்தேன். பிறகு இருவரும் பஸ் ஏறி, ஓய்வுபெற்று பந்திங்கில் இருந்த சார்ஜனைப் பார்க்கப் போனோம். கோப்பி கொடுத்து உபசரித்தார்.

"பாவம் சேரக்கூடாதுன்னுதாம்மா அப்படிச் செஞ்சேன்," என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் கொண்டுபோன காகிதத்தில் கையெழுத்து மட்டும் போடவில்லை.

இதையெல்லாம் விசாரணையின்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று கோர்ட்டிலிருந்து பதில் வந்தது. சொல்லியிருக்கலாம்தான். கேட்டிருந்தால்.

தொண்ணூறுகளில் நன்னடத்தைக் கழிவு போக வெளியே விட்டார்கள். செய்தாரா இல்லையா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்கப் போனேன். அதற்குள் என் காடு அழிந்து மண்டை பளபளத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இந்தத் தலைய அன்னிக்குக் கொண்டாந்திருக்கக் கூடாதா, பாஸ்?"

ஆயிரம் மேடை ஏறிய நான், கைக்குட்டையை எடுத்து மண்டையை மூடிக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தால் அவர் முடியை இறக்குவதாக மனைவி வேண்டியிருந்தார். பத்துமலைக்கு நானும் கூடப் போனேன். கத்தியோடு காத்திருந்தவர் முன்னால் அவர் உட்காரவில்லை.

"ஒருதடவ குடுத்தேன், போதும். நான் செய்யலன்னு எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் தரேன்."

சாமி கோபிக்கும் என்று மனைவி அழுதார். அவருக்குப் பதிலாக நான் கொடுக்கலாம் என்றால் என்னிடம் சரக்கில்லை. அந்த அம்மாவே உட்கார்ந்தார்.

இன்னும் மனு போடுகிறார். போன வாரம் பார்த்தேன். முடி நரைத்து, காலரைத் தாண்டிவிட்டது.