புளி போட்டு விளக்கிய அம்மன்

கிணற்றில் தூர் வாரிய சேற்றோடு, கூடைக்குள் ஒரு முகம் மேலே வந்தது. மேட்டில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். முழங்கை உயரத்தில் ஒரு வெண்கல அம்மன். உடம்பெங்கும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தும் உதட்டுச் சிரிப்பு மட்டும் மறையவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னால், மதுரைக்கு மேற்கே எங்கள் ஊரில் நடந்தது இது. நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார், கைக்குழந்தைக்குத் தகப்பன். கிணறு எனக்கும் அண்ணனுக்கும் பொது. செய்தி எப்படிப் போனதோ, சாயங்காலமே மதுரையிலிருந்து பழைய சிலைகள் வாங்கும் ஒருவர் காரில் வந்தார். அந்தக் களிம்பைத் தடவித் தடவிப் பூரித்துப்போய், காலையில் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தலை ஆட்டிவிட்டார். மூத்தவளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "சேத்துக்குள்ள கெடந்தது எம்மக கழுத்துல ஏறட்டுமேடா" என்றார்.

கார் ஏறிவிட்டால் அந்தச் சிரிப்பை இனி யாரும் பார்க்க முடியாது. வெளியே சொன்னால் அண்ணன் கையில் விலங்கு ஏறுமோ என்று பயம். விடிந்ததும் சைக்கிளை மிதித்துத் தாசில்தார் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றேன். முழுதாகக் கேட்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். "ஜீப்ப எடுய்யா!"

"சார், எங்கண்ணனப் பிடிச்சிட்டுப் போயிருவீகளா?"

"கெடச்சது தப்பில்ல வாத்தியாரே, மறச்சு வித்தாத்தான் தப்பு. விக்கிறதுக்குள்ள போயிருவோம், ஏறுங்க!"

போய் இறங்கியபோது வாசலில் அந்தக் கார் நின்றிருந்தது. உள்ளேயோ பெரிய சண்டை. அண்ணன் மனைவி, எங்கள் மதினி, விடியற்கருக்கலிலேயே எழுந்து, குடம் விளக்குவதுபோல அம்மனைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, மல்லிகை சுற்றி வைத்திருந்தார். அம்மன் தகதகவென்று மின்னியது. வாங்க வந்தவர் குதித்துக்கொண்டிருந்தார். "இத எவன் பழசுன்னு நம்புவான்? களிம்புக்குத்தாம்மா மதிப்பே!"

"ஊரவிட்டுப் போற பொம்பளப் புள்ளைய அழுக்கோடவா அனுப்புவாக?" என்றார் மதினி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜீப்பைக் கண்டதும் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

தாசில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இம்புட்டு வருசத்துக் களிம்ப ஒரே காலையில வழிச்சுட்டீகளே, தாயி!"

"இனி இது வெல போகாது சார், உங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்று அண்ணன் கடுப்போடு கேட்டார்.

"நான் என்ன விக்கவாய்யா கேக்குறேன்? வெல போகாட்டியும் காப்பாத்த வேண்டியது அரசாங்கந்தான்."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. கோயில் கட்டி நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று சத்தம் போட்டார்கள். "நாளைக்கு இன்னொரு கார் வந்தா?" என்று கேட்டார் தாசில்தார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள், அண்ணன் தரையைப் பார்த்தார். மதினி மட்டும் விடவில்லை. "அரசாங்கம் அரசாங்கம்ங்குறீக. அது யாரு? மொகந் தெரியாதவக கையில எப்படிக் குடுக்க?"

தாசில்தார் செருப்பைக் கழற்றினார். தொட்டியில் கை கால் கழுவிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்போதைக்கு நாந்தான் தாயி. எங்கிட்டக் குடுங்க." மதினி சற்றுநேரம் அந்த முகத்தையே பார்த்திருந்துவிட்டுக் கொடுத்தார். ஜீப் கண்மறையும்வரை தாசில்தார் அம்மனை மடியிலிருந்து இறக்கவில்லை. கல்யாணம் சிக்கனமாக நடந்தது. அண்ணன் என்னோடு பேசத்தான் வெகுநாளானது.

போன வாரம் பக்கத்து ஊர்க் கோயிலில் பூட்டை உடைத்துச் சிலையைத் தூக்கிவிட்டார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "நம்ம அம்மன் பத்திரமா இருக்காப்பா?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் பிடித்து மதுரை கோரிப்பாளையத்தில் இறங்கி, அம்மனை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அன்று விடுமுறை. எங்கள் ஊர்க் கிணற்றில் கிடைத்த வெண்கல அம்மன் உள்ளே இருக்கிறதா என்று வாசலில் கேட்டேன்.

"உள்ளதான் சார் இருக்கும், நாளைக்கு வாங்க" என்றார் காவலர்.

"நீங்க இன்னைக்குப் பாத்தீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "இருக்கு சார். கண்ணால பாத்துட்டு வாரேன்" என்றார்.

நம்பினேன். இருந்தாலும் மறுநாள் கதவு திறக்கும்போது மகளோடு முதல் ஆளாக நின்றேன்.