கோழிக்கு அம்மை, எனக்கு வாசல்

காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, ஹவுஸ் ஓனர் அக்கா கோழிக்கூண்டில் வேப்பிலை செருகிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டைக்குக் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் பொருக்கு. ஒரு கண் மூடியே போயிருந்தது.

"ஆத்தா வந்துகீறா தம்பி. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிடுவா."

மற்ற ஏழு கோழிகளும் அதை உரசிக்கொண்டு அதே கூண்டில் நின்றன. நான் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவன். பழுதான பீஸை நல்ல பீஸோடு வைத்தால் எனக்குத் தாங்காது.

"அதைத் தனியா வைங்கக்கா. கொசு கடிச்சாலே மத்ததுக்கும் பரவும்லா. கண்ணை உப்புத் தண்ணியில தொடைங்க, பொருக்கைப் பிய்க்காதீங்க. நல்லா இருக்கிற மத்ததுக்கு மாட்டாஸ்பத்திரியில ஊசி போட்டுருங்க. பொருக்கு உதிர மூணு வாரம் ஆவும்."

"ஆத்தா வந்தவள வெளிய தள்ளச் சொல்றியா?"

"மனுசங்களுக்கு அம்மை போட்டா தனி ரூம்லதான படுக்க வைப்பீங்க?"

அக்கா யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

ஜெயித்த களிப்பில் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பினால், என் அறை வாசலில் வேப்பிலை. உள்ளே என் பாயில், என் கொசுவலைக்குள் பெட்டை படுத்திருந்தது. கண் லேசாகத் திறந்திருந்தது.

"செருப்ப அங்கயே வுடு தம்பி. கேன்டீன்ல இன்னிக்கு இன்னா சாப்ட்ட?"

"சிக்கன்க்கா."

"அப்போ உள்ள போவாத."

இதைப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டுகிறேன். இருங்காட்டுக்கோட்டை நண்பர்களே, யார் அறையிலாவது ஒரு பாய்க்கு இடம் இருக்கிறதா?

மூன்று வாரம் என்று சொன்னதும் நான்தான்.