மின்விசிறிக் கொலையும் மல்சுன் போட்ட கேள்விக்குறியும்

கொரியாவின் பாஜு நகரில் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள் ஓக் மல்சுன். இருபத்தெட்டு வருஷத்தில் எந்த எழுத்தாளருடைய வரியையும் அவள் அடித்ததில்லை. சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். எழுத்தாளர் திருத்தலாம், ரப்பரால் அழித்தும் விடலாம். அழித்துவிட்டால் அவள் மறுபடி வாயைத் திறக்க மாட்டாள்.

மா ஜுன்கில்லின் கொலைக் கதையை பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டாள். "இறங்கலையாம்மா?" என்று டிரைவர் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். அப்படியொரு எழுத்து. அவன் கையை மனதுக்குள் கும்பிட்டாள்.

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் வந்தது வினை. கொலைகாரன், தூங்குகிறவர்களின் அறையை மூடி, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறானாம். விசிறியின் இறக்கை ஆக்சிஜனை வெட்டிவிடுகிறதாம். ஐந்து பேர் காலி! ஒரு டாக்டர் வேறு அதை இரண்டு பக்கத்துக்கு விளக்குகிறார். மூடிய அறையில் விசிறி ஓடினால் சாவு என்று எங்கள் கொரிய ஆட்களுக்குப் பால் குடிக்கிற வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிற மூடநம்பிக்கை ஒன்று உண்டுதான். அதற்காக இவ்வளவு நல்ல கதையை இப்படியா பாழாக்குவது? மல்சுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்விக்குறி போட்டாள்.

அச்சுக்கு முந்தைய முதல் புரூப் எழுத்தாளரிடமிருந்து திரும்பி வந்தபோது அது அழிந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மறுபடியும் போட்டாள். இரண்டாவது புரூபில் காகிதமே கிழியும்படி அழித்திருந்தான். பதிப்பாசிரியர் பியோ அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, விட்டுடுங்க. விசிறி ஆளைக் கொல்லும்னு ஊருக்கே தெரியும். எங்கம்மா இன்னிக்கும் விசிறி தானா நிக்கிற மாதிரி டைமர் வச்சுட்டுத்தான் படுக்கிறாங்க."

"உங்கம்மா நாவல் எழுதலையே."

"சிரிக்காதீங்க. இன்னொரு தடவை போட்டா புத்தகத்தை வேற இடத்துக்குக் கொண்டுபோயிடுவேங்கிறார். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

மூன்றாவது புரூப்தான் கடைசி. அதிலும் போட்டாள்.

மறுநாள் மதியம் மா ஜுன்கில் நேரிலேயே வந்துவிட்டான். நாற்பது வயது ஆள், முகமெல்லாம் சிவந்திருந்தது. மல்சுன் வாதாடவில்லை. சின்ன கூட்ட அறையில் ஜன்னலை மூடினாள். விசிறியை நிற்காமல் ஓடும்படி திருகினாள்.

"மூணு மணிக்கு எழுப்புங்க சார். நான் எழுந்திரிக்கலைன்னா கேள்விக்குறியை நானே அழிச்சதா வச்சுக்கங்க."

கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்தாள். வயிற்றில் குளிர்ந்த நூடுல்ஸ், முகத்தில் காற்று. படுத்ததும் தூங்கிப்போனாள்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

"மேடம்! எந்திரிங்க மேடம்! ஐயோ..."

மணி ஒன்றே முக்கால்கூட ஆகவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது.

"மூணு ஆகலையே சார்," என்று எழுந்து உட்கார்ந்தாள்.

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "எங்கப்பா பகல்ல படுத்திருந்தார். வேர்த்துக் கொட்டுச்சு. நான்தான் விசிறியைப் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு விளையாடப் போனேன். எனக்கு ஒன்பது வயசு. திரும்பி வந்தா..." ஓடுகிற விசிறியை நிமிர்ந்து பார்த்தான். "விசிறிதான்னு எல்லாரும் சொன்னாங்க. யார் போட்டதுன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஒரு கேள்விக்குறியை ஒருவன் ஏன் காகிதம் கிழிய அழித்தான் என்று மல்சுனுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆயுள் முழுக்கக் கேட்டு மட்டுமே பழகியவள் அன்று கேட்கவில்லை, சொன்னாள்.

"விசிறி யாரையும் கொல்லாது சார். அப்படி வேர்த்துதுன்னா அது நெஞ்சுவலியா இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா நீங்க போட்ட விசிறியால இல்ல. அப்பாவுக்கு வேர்க்குதேன்னு போட்டீங்க, அவ்வளவுதான்."

அவன் வெகுநேரம் அழுதான். பிறகு அவளுடைய பென்சிலை வாங்கி, புரூபில் அந்த டாக்டரின் இரண்டு பக்கங்களையும் குறுக்காக அடித்தான். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

"மேடம், நான் இங்க கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"படுங்க."

அவன் விசிறிக்கு நேராகத் தலையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடினான். மல்சுன் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே வந்து கதவையும் சாத்தினாள்.