வெளிநாட்டுக்கு மூடிய தளம்

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது; திருவிழாவுக்குத் திருவிழா ஒரு பிரியாணிப் பொட்டலம் உண்டு. ஒரு தவக்காலக் காலையில், பூசை நேரம் இருக்கவேண்டிய இடத்தில் சூதாட்ட விளம்பரம் பல்லை இளித்தது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சர்வரில் விதிகள் எழுத உட்கார்ந்தேன். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. யாரை விடலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு கோப்பில் வரிவரியாகச் சொல்லிவைப்பதுதான். நிர்வாகி நுழையும் பக்கத்துக்கு மட்டும் பூட்டு போதும், மற்றது திறந்திருக்கட்டும் என்று கமிட்டியில் சொன்னேன். கமிட்டித் தலைவர் துறைமுக கேட்டில் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர். பாஸ் இல்லை என்று சொந்த மச்சானையே திருப்பி அனுப்பியவர் என்று பேர்.

“திருட்டுப்பயலுங்க எங்கேர்ந்து வரானுங்க நைனா?”

“பெரும்பாலும் வெளிநாட்டு முகவரிதான் அங்கிள்.”

“அப்போ வெளிநாட்டையே மொத்தமா இழுத்து மூடு. நம்ம பூசை டைம் பாக்க எவன் அங்கேர்ந்து வரப்போறான்?”

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு ஒரு ஆள் குவைத்தில், இல்லையென்றால் கப்பலில். ஊரில் யாராவது இறந்து அடக்கப் பூசை நடந்தால் தளத்தில் நேரலை பார்ப்பதே அவர்கள்தான். தலைவருடைய ஒரே மகன், என் பள்ளித் தோழன், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் இருக்கிறான். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

“அதுக்குத்தான் வாட்ஸ்அப் கீதே. பேஜாரு பண்ணாத” என்றார். கமிட்டி தலையாட்டியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எப்படியோ போங்கள் என்று அவர் சொன்னபடியே எழுதினேன். இந்திய இணைய முகவரி இல்லாத எவருக்கும் ‘அனுமதி இல்லை’ என்று மட்டும் வரும்.

அந்த மழைக்காலத்தில் தலைவரின் மனைவி மாரடைப்பில் இறந்துபோனார். மகனின் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அதில் வாட்ஸ்அப் வீடியோவை அடைத்துவைத்திருக்கிறார்கள்; அதில் எழுத்து மட்டும்தான் போகும். இணையதளங்கள் திறக்கும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “புள்ளைக்கு மட்டும் தொறந்து வுடு நைனா” என்றார். கேட் பாஸ் மாதிரிதான் கேட்டார். கப்பலின் இணைய முகவரியை மகனிடம் கேட்டு வாங்கி, அதற்கு மட்டும் விலக்கு எழுதினேன். காலையில் அவனுக்குத் தளம் திறந்தது.

மாலை அடக்கப் பூசை முடிந்து சவப்பெட்டியை மூடப்போகும் சமயம். மடியில் லேப்டாப்போடு முதல் பெஞ்சில் இருந்தேன். மகனிடமிருந்து செய்தி வந்தது: ‘மாமு, அனுமதி இல்லைன்னு வருது. மூடிட்டாங்களா?’

கப்பலின் இணைப்பு வேறு முகவரிக்கு மாறியிருந்தது. புது முகவரியை வாங்கி எழுதினால் அதற்குள் அதுவும் மாறலாம். எழுந்து போய்த் தலைவர் காதில் சொன்னேன். பங்குச் சாமியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். மூடியைத் தூக்க வந்தவர்களைத் தலைவர் கையை நீட்டித் தடுத்தார்.

“இருங்கப்பா. எம்புள்ள வர்லை.”

பிறகு என்னைப் பார்த்தார். “அல்லாத்தையும் தொற.”

“திருட்டுப்பசங்களும் வருவாங்க அங்கிள்.”

“வந்துட்டுப் போறான். தொற.”

வெளிநாட்டை மூடிய விதியின் முன்னால் ஒரு # குறி போட்டேன். அதைப் போட்டால் சர்வர் அந்த வரியைப் படிக்காது. சேமித்துவிட்டு மகனுக்குத் தகவல் அனுப்பினேன். அவர் ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மனைவியின் கன்னத்தில் கிடந்த ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நேரலைக் கேமராவுக்கு மறைக்கிறோம் என்று தோன்றியதோ என்னவோ, பக்கவாட்டில் நகர்ந்து நின்றார்.

“உள்ள வந்துட்டானா?” என்று கேட்டார்.

என் போனில் ஒரே சொல் வந்திருந்தது: ‘அம்மா.’

“வந்துட்டான் அங்கிள்” என்றேன்.

அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார்.